சோளகக் காற்றின் விலை: புத்தளம் கரையோரத்தில் வாழ்விடத் தெரிவு பற்றிச் சில சிந்தனைகள்

உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய பின்னர் எங்கு குடியிருப்பது என்ற வினா, இன்று பல நாடுகளிலும் மத்தியதர வர்க்கத்தினரின் கணக்கீட்டுக்குரிய ஒரு பொருளாகிவிட்டது. காலநிலை எத்தகையது, வாழ்க்கைச் செலவு எவ்வளவு என்னும் இரு அளவுகோல்களைக் கொண்டு ஊர்கள் தரம் பிரிக்கப்படுகின்றன. பிரித்தானிய ஓய்வூதியர் ஸ்பானியக் கடற்கரைகளை நாடிச் செல்வதும், மலேசியா 2002 ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டவரைத் தனது ‘இரண்டாம் இல்லத்துக்கு’ வரவேற்று வந்ததும் இதன் வெளிப்பாடுகளே. இலங்கை அரசும் ‘எனது கனவு இல்லம்’ என்ற பெயரில், 55 வயதைக் கடந்த வெளிநாட்டவருக்கென ஒரு வதிவிட விசாத் திட்டத்தை வகுத்தது. 15,000 அமெரிக்க டொலர் வைப்பும், மாதந்தோறும் 1,500 டொலர் வரவும் அதன் நிபந்தனைகளாக விதிக்கப்பட்டன. உள்நாட்டிலும் இம்மனோபாவம் இல்லாமலில்லை. இளைப்பாறிய பேராசிரியர் ஒருவர் கடலோரத்தில் காணி தேடுவது எமது பல்கலைக்கழகச் சூழலில் புதினமான செய்தியன்று.

இவ்வாறு தேடுவோரின் கண்ணில் அண்மைக் காலத்தில் பட்ட இடங்களுள் ஒன்று புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாடு. காலநிலை, செலவு ஆகிய இரண்டும் எவர் பக்கமும் சாராத, இயற்கையே தந்த தகவல்கள் போலத் தோற்றமளிக்கின்றன. அவை அவ்வாறானவையல்ல என்பதும், ஓரிடத்தின் ‘நல்ல காலநிலை’யும் ‘மலிவும்’ வரலாற்றில் உருவாக்கப்படுபவை என்பதும், அவற்றை உருவாக்குவதற்கான விலையை வேறொரு வர்க்கத்தினர் செலுத்துகின்றனர் என்பதும் இக்கட்டுரையில் நாம் எடுத்துக்காட்ட விழையும் கருத்துகளாகும்.

முதற்கண் நிலத்தை நோக்குவோம். மேற்கே கடலும் கிழக்கே புத்தளம் களப்பும் சூழ, வடக்கு நோக்கி நீண்டு ஒடுங்கிச் செல்லும் மணற்பாங்கான நிலப்பகுதி இது. வரண்ட வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,000 முதல் 1,200 மில்லிமீற்றர் வரையிலானது. அதன் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையிலான மாதங்களில் பெய்துவிடும். மே மாதம் தொடக்கம் செப்ரெம்பர் வரை மழை அரிது. ஆனால் காற்று ஓய்வதில்லை. தென்மேற்கிலிருந்து வீசும் இக்காற்றையே கரையோர மக்கள் சோளகம் என்பர். இக்காற்றைப் புரிந்துகொள்ளாதவர் இப்பிரதேசத்தின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள முடியாது. மாலைதீவிலிருந்து மாபாருக்குப் புறப்பட்ட இப்னு பதூதா 1344 இல் இக்கரையில் வந்திறங்கியது கூட, அவர் விரும்பித் தெரிந்த இடம் என்பதனாலன்று, காற்றுத் திசைமாறியதனாலேயே.

ஊர்களைக் காலநிலை கொண்டு மதிப்பிடும் வழக்கம் எமக்குக் குடியேற்றவாதத்தின் வழியாக வந்து சேர்ந்த ஒன்று. வெப்பமண்டலக் காய்ச்சலுக்கு அஞ்சிய பிரித்தானிய அதிகாரிகள் உதகமண்டலத்தையும் நுவரெலியாவையும் தமக்கெனத் தெரிந்தெடுத்தனர். ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில் நுவரெலியா நோய் தீர்க்கும் வாசத்தலமாக அமைக்கப்பட்டது. அவ்வாட்சிக்குத் தேவையான இன்னொரு கருவி ‘கசற்றியர்’ எனப்படும் இடவிபரக் கோவை. ஒவ்வோர் ஊரின் அமைவிடம், விளைபொருள், குடிகள் ஆகியவற்றை நிருவாகியின் நோக்கில் நிரற்படுத்தும் இவ்வகை நூலை இலங்கைக்கு முதலில் ஆக்கித் தந்தவர் கற்பிட்டியிலேயே பிறந்த சைமன் காசிச்செட்டி (1807-1860) ஆவார். ‘தமிழ் புளூராக்’ (1859) என்ற நூலினால் தமிழிலக்கிய வரலாற்று மாணவர் அவரை அறிவர். ஆனால் அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே, 1834 இல், அவரது ‘சிலோன் கசற்றியர்’ வெளிவந்துவிட்டது. புலவர்களை அகரவரிசைப்படுத்திய அதே கை அதற்கு முன்னர் ஊர்களை அகரவரிசைப்படுத்தியது என்பது தனியே ஆராயத்தக்கது. இங்கு நாம் சுட்ட விரும்புவது ஒன்றே: ஊரை வெளியிலிருந்து பார்த்து வரிசைப்படுத்தும் கண், அங்கு உழைப்பவரின் கண்ணன்று.

உழைப்பவரின் கண்கொண்டு நிலத்தையும் காலத்தையும் நோக்கும் ஒரு மரபு தமிழுக்கு உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் கூறுவதைப் பலர் வெறும் இயற்கை வருணனைக்கான இலக்கணமாகவே விளங்கிக்கொண்டனர். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974 இல் ‘சோசியல் சயன்ரிஸ்ற்’ இதழில் எழுதிய கட்டுரையில், திணைகளை வெவ்வேறு உற்பத்தி முறைகளின் வெளிப்பாடாகவும் சமனற்ற வளர்ச்சியின் சான்றாகவும் விளக்கினார். அந்நோக்கில், நிலமும் பொழுதும் முதற்பொருள் ஆவது மனிதர் அவற்றின்மீது உழைக்கும்போதே. அதே மரபில் பாலை தனியொரு நிலமாகக் கொள்ளப்படவில்லை. பிற நிலங்கள் தம் இயல்பு கெடும்போது அடையும் நிலையாகவே சிலப்பதிகாரம் அதனைக் காட்டுகின்றது. புத்தளம் கரையில் நெய்தல் எவ்வாறு பாலையாகின்றது என்பதை மேல்வரும் செய்திகள் உணர்த்தும்.

காலநிலையையும் செலவையும் கணித்து வாழ்விடத்தை மாற்றிக்கொள்வதில் இக்கரையோர மீனவரை விஞ்சியவர் இலர். சோளகம் பெயர்ந்ததும் மேற்குக் கடல் கொந்தளிக்கும்; வள்ளங்கள் கரையேறும். அக்காலத்தில் கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும். எனவே நீர்கொழும்பு, சிலாபம் முதலாய கரைகளின் மீனவர் ஆண்டுதோறும் முல்லைத்தீவு, கொக்கிளாய், திருகோணமலைப் பகுதிகளுக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்வர். வாடைக்காற்றுக் காலத்தில் கற்பிட்டித் தீவுகளில் வாடிகள் நிறையும். ஓலைக் கொட்டிலும், கருவாடு காயவைக்கும் மணற்பரப்பும், சம்மாட்டியிடம் பெற்ற முற்பணமும் சேர்ந்ததே வாடி. முற்பணம் பெற்றவர் மீனைச் சம்மாட்டி குறித்த விலைக்கே கொடுக்க வேண்டும் என்பதால், இவ்விடப்பெயர்வை வெறும் சுதந்திரத் தெரிவு எனக் கொண்டாடவும் இயலாது. 1984 இன் பின்னர் போர் இவ்வழக்கத்தைத் தடைசெய்தது. 2009 இன் பின்னர் அது மீண்டும் தொடங்கியபோது, இடைப்பட்ட காலத்தில் இழப்புகளைச் சந்தித்த முல்லைத்தீவு மீனவருக்கும் மேற்குக் கரை மீனவருக்குமிடையே கரைவலைப்பாடுகள் குறித்துத் தகராறுகள் மூண்டன. பழைய பருவகால ஒழுங்கு, படையினதும் அரசினதும் குடியேற்றக் கொள்கைகளோடு பிணைந்துவிட்ட நிலையில், காற்றை மட்டும் கொண்டு அதனை நியாயப்படுத்த முடியாது போயிற்று.

இனி, இக்கரையின் நவீன வரலாற்றில் நிகழ்ந்த மிகப் பெரிய இடப்பெயர்வுக்கு வருவோம். 1990 ஒக்ரோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் ஒக்ரோபர் 30 ஆந் திகதி அவர்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலமே. வெளியேற்றப்பட்டோர் தொகை ஏறத்தாழ 75,000 எனக் கணிக்கப்படுகின்றது. வீடும் காணியும் கடையும் நகையும் விட்டுச் செல்லப்பட்டன. பல இடங்களில் பறித்தெடுக்கப்பட்டன. தமிழ்ச் சங்கமொன்றின் ஏட்டில் இதனை எழுதும்போது சொற்களை மெருகிட வேண்டிய தேவை எமக்கில்லை. ஒரு தேசிய விடுதலைப் போராட்டம் என்ற பெயரில், தமிழ் பேசும் மக்களுள் ஒரு பகுதியினர் அவர்தம் மதம் காரணமாகத் துரத்தப்பட்டனர். தமிழ்ப் புத்திஜீவிகளுள் பெரும்பாலோர் அவ்வேளை மௌனம் காத்தனர் என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே.

வெளியேற்றப்பட்டோருள் பெரும்பான்மையினர் புத்தளம் மாவட்டத்தைச் சேர்ந்தடைந்தனர். ஏன் புத்தளம்? மன்னார்த் தீவினர் மழைக்காலக் கடலில் படகேறினால் வந்து சேரக்கூடிய கரை கற்பிட்டி. தரைவழி வந்தோருக்குப் போர் வலயத்துக்கு வெளியே கிட்டிய பட்டினங்களுள் ஒன்று புத்தளம். அங்கு தமிழ் பேசும் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. ஊரவர் சமைத்துக் கொடுத்தனர். தென்னங்காணி உரிமையாளர் சிலர் கொட்டில் போட இடமளித்தனர். ஓலையும் மணலும் இருந்தமையால் கூரைச் செலவு குறைவு. ஆக, இத்தெரிவிலும் காலநிலையும் செலவும் இருந்தன. ஆனால் தெரிபவரின் கையில் எதுவும் இருக்கவில்லை.

இவர்களது வருகை இப்பிரதேசத்தின் உழைப்புச் சந்தையில் ஏற்படுத்திய மாற்றமே எமது நோக்கில் முதன்மையானது. கற்பிட்டி மணல் நிலத்தில் கிணற்று நீர் கொண்டு வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி பயிரிடும் தீவிர விவசாயம் பெருகிவந்தது. உப்பளமும் இறால் பண்ணையும் மீன்வாடியும் கைகளை வேண்டி நின்றன. நேற்றுவரை தையற்கடை வைத்திருந்தவரும், முசலியில் சொந்த வயல் செய்தவரும், ஆசிரியரின் மகளும் இன்று வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிகளாயினர். நிவாரண அரிசி அவர்களை உயிருடன் வைத்திருந்தது. ஆனால் அரிசி மட்டும் போதாதாகையால் எந்தக் கூலிக்கும் அவர்கள் உடன்பட வேண்டியிருந்தது. அரசின் நிவாரணம் ஒருவகையில் தோட்ட உரிமையாளருக்கு வழங்கப்பட்ட கூலி மானியமாகவும் அமைந்தது எனலாம். உள்ளூர்க் கூலியாளர், தம் கூலி வீழ்ந்தமைக்கு வந்தவர்களே காரணம் எனக் கண்டனர்; கிணறும் பாடசாலை வாங்கும் வைத்தியசாலைக் கட்டிலும் பங்கு போடப்பட்டன. முதல் வாரத்தில் உணவளித்த கைகளுக்கும் உண்ட கைகளுக்கும் இடையில் பின்னர் கசப்பு வளர்ந்ததைப் பண்பாட்டு வேற்றுமை கொண்டு விளக்க முற்படுவோர் இந்தக் கூலிக் கணக்கைத் தவறவிடுகின்றனர். பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் (மறைவு 2018) தாமே வடக்கிலிருந்து வந்த சமூகத்தவராக இருந்து இம்மக்களின் நிலைமையை இடையறாது ஆவணப்படுத்தினார். 2011 இல் வெளிவந்த பிரசைகள் ஆணைக்குழுவின் அறிக்கையும் அவர்களின் சாட்சியங்களைத் தொகுத்துத் தந்தது. இப்பணிகள் இல்லாதிருந்தால் இவ்வரலாறு நிவாரண அட்டைகளின் எண்ணிக்கையாகவே எஞ்சியிருக்கும்.

கற்பிட்டி ‘மலிவான இடம்’ என இன்று கூறப்படுவதன் பொருளை இப்பின்னணியிலேயே நோக்க வேண்டும். விடுதியில் அறை துப்புரவு செய்பவரின் சம்பளம், மரக்கறி விலை, மீன் விலை, கட்டட வேலையாளின் நாட்கூலி ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்கே மலிவு என்று பெயர். அதற்கு மேலாக நாணயத்தின் வீழ்ச்சியும் சேர்ந்துகொள்கின்றது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் அது ஏறத்தாழ 360 ரூபா. மாதம் 1,500 டொலர் பெறும் ஓய்வூதியரின் வருமானம், அவர் ஒரு விரலையும் அசைக்காமலே, 3 இலட்சம் ரூபாவிலிருந்து 5 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவாக உயர்ந்தது. அதே வாரங்களில் கற்பிட்டி மீனவர் மண்ணெண்ணெய்க்காக வரிசையில் நின்றனர். எண்ணெய் இன்மையால் வள்ளங்கள் கரையில் கிடந்தன. ஒருவருக்கு ஊர் மலிவானதும் மற்றவருக்கு வாழ்வு விலையேறியதும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள்.

காலநிலையின் விலை பற்றி மார்க்ஸ் நேரடியாக எழுதவில்லையாயினும், ‘மூலதனம்’ மூன்றாந் தொகுதியில் நிலவாடகையை விளக்க அவர் எடுத்துக்கொண்ட நீர்வீழ்ச்சி உதாரணம் எமக்குப் பெரிதும் பயன்படும். நீராவி இயந்திரம் கொண்டு இயங்கும் ஆலைகளைவிட, நீர்வீழ்ச்சியால் இயங்கும் ஆலை குறைந்த செலவில் உற்பத்தி செய்யும். அதனாற் கிடைக்கும் மிகை இலாபம் நீர்வீழ்ச்சி அமைந்த நிலத்தின் சொந்தக்காரருக்கு வாடகையாகச் செல்லும். நீர்வீழ்ச்சி உழைப்பின் விளைவன்று. அதற்குப் பெறுமதி இல்லை. அதன் ‘விலை’ என்பது மூலதனமாகக் கணிக்கப்பட்ட வாடகையே. சோளகக் காற்றுக்கு இது அப்படியே பொருந்தும். அது எவராலும் உற்பத்தி செய்யப்பட்டதன்று. ஆனால் 2010 இல் மாம்புரியில் காற்றாலைகள் சுழலத் தொடங்கியபோதும், போர் ஓய்ந்தபின் கற்பிட்டிக் களப்பில் பட்டச் சறுக்கு விளையாட்டுக்கு ஐரோப்பியர் வரத் தொடங்கியபோதும், காற்றுப்படும் நிலத்துக்கு விலை பிறந்தது. முன்னர் ‘காற்றுக்காலம்’ என்றால் தொழிலற்ற காலம், கடன்படும் காலம். இன்று மே முதல் ஒக்ரோபர் வரை விடுதிகளுக்கு அது விளைச்சற்காலம். விளைச்சலை எடுப்பவர் முன்பு பசித்திருந்தவரல்லர்.

அரசு இதனை ஒழுங்குபடுத்தப்பட்ட கொள்கையாகவே மேற்கொண்டது. கற்பிட்டி ஒருங்கிணைந்த சுற்றுலாத் திட்டம் 14 தீவுகளை உள்ளடக்கி வகுக்கப்பட்டது. உச்சமுனை, இப்பந்தீவு, எருமைத்தீவு, பத்தலங்குண்டு என்னும் பெயர்களே இத்தீவுகளில் யார் நடமாடினர் என்பதைக் கூறும். (இக்கரையோரக் கத்தோலிக்க மீனவருட் பலர் பாடசாலை மொழியும் ஆலய மொழியும் சிங்களமாகியதைத் தொடர்ந்து மொழி மாறினர்; ஊர்ப்பெயர்கள் மாறவில்லை.) மீனவருக்குத் தீவு என்பது வலை காயவைக்கும் இடம், புயலுக்கு ஒதுங்கும் இடம், வாடி போடும் இடம், உறுதிப்பத்திரத்தில் ஏறாத உரிமை அது. திட்ட வரைபடத்தில் அதே இடம் வெற்று நிலமாகக் காட்சியளித்தது. மீனவர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. திட்டம் வகுக்கப்பட்ட அளவில் நிறைவேறவில்லை எனினும் வேலிகள் எழுந்தன. கடலுக்குச் செல்லும் பழைய வழிகள் சில அடைபட்டன.

அதே காற்றின் இன்னொரு பயணத்தையும் குறிப்பிட வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையினதும் பிரதேச மக்களதும் எதிர்ப்பினால் நெடுங்காலம் பிற்போடப்பட்ட நுரைச்சோலை அனல் மின்னிலையம், சீனக் கடனுதவியுடன் கட்டப்பட்டு, 2011 இல் முதற் பிரிவும் 2014 அளவில் மூன்று பிரிவுகளுமாக 900 மெகாவாற்று ஆற்றலுடன் இயங்கத் தொடங்கியது. நிலக்கரிக் கப்பலிலிருந்து பாதைப் படகுகளில் கரி இறக்குவதற்குக் கடல் அமைதியாயிருக்க வேண்டும். ஆதலால் சோளகம் தொடங்குமுன் அவ்வளவு கரியும் இறக்கப்பட்டுத் திறந்த வெளியில் மலையாகக் குவிக்கப்படும். பின்னர் காற்று கடலிலிருந்து ஊரை நோக்கி வீசும். கரித்தூள் அயற் கிராமங்களின் கிணற்றிலும் வெங்காயப் பாத்தியிலும் காயும் கருவாட்டிலும் படிவதாக மக்கள் ஆண்டுதோறும் முறையிட்டு வந்துள்ளனர். சற்று வடகிழக்கே, சீமெந்து ஆலைக்குச் சுண்ணக்கல் அகழ்ந்த அருவக்காட்டில், 2019 ஓகஸ்டில் கொழும்பின் குப்பை கொட்டத் தொடங்கியது. புத்தளத்து மக்கள் மாதக்கணக்கில் வீதியில் நின்று எதிர்த்தும் பயனில்லை. தலைநகரின் மின்சாரத்துக்கும் கழிவுக்கும் இக்கரை தெரிந்தெடுக்கப்பட்டமைக்கும் காரணம், சனத்தொகை அடர்த்தி குறைவு, நிலம் மலிவு என்பதே. மலிவு என்ற அளவுகோல் ஓய்வூதியரை மட்டும் அழைத்து வருவதில்லை.

நீர் பற்றிய செய்தி இதனினும் பாரதூரமானது. இம்மணற்றரையின் கீழ் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக நன்னீர் மிதக்கின்றது. மழை மூன்று மாதம் அதனை நிரப்புகின்றது; பன்னிரண்டு மாதமும் அது இறைக்கப்படுகின்றது. பயிருக்கிட்ட யூரியா மணலூடாக எளிதில் இறங்குவதால், பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு குடிநீருக்கு ஏற்ற எல்லையைக் கடந்துள்ளமை 1980களிலிருந்தே ஆய்வுகளிற் பதிவாகியுள்ளது. இந்நீர் கைக்குழந்தைகளுக்குக் குறிப்பாகத் தீங்கானது. விடுதி விருந்தினர் போத்தல் நீர் அருந்துவர். முகாமிலும் தோட்டத்திலும் வாழ்ந்தவருக்குக் கிணறே கதி. செலவுக் கணக்கில் இது எந்த நிரலிலும் இடம்பெறுவதில்லை.

இவையனைத்தும் ஒன்றாகக் காணக்கூடிய இடம் ஆலங்குடா. கடலோரத்தில் சுற்றுலா விடுதிகள். உள்ளே வடக்கு முஸ்லிம்களின் முகாம்களாயிருந்து குடியிருப்புகளாகிய ஓலை, தகரக் கொட்டில்களும் கல்வீடுகளும். தெற்கே மின்னிலையத்தின் புகைபோக்கி. 2007 முதல் உலக வங்கியின் நிதியுதவியுடன் மாவட்டத்தில் வீடமைப்புத் திட்டமொன்று செயற்பட்டது. அதில் காணியுரிமை ஆவணம் முக்கிய நிபந்தனைகளுள் ஒன்று. எனவே கூலியில் மிச்சம் பிடித்துத் துண்டுக்காணி வாங்க முடிந்தவர் வீடு பெற்றனர். முடியாதவர் கொட்டிலில் இருந்தனர். அகதிச் சமூகம் என ஒருமையிற் பேசப்பட்ட கூட்டத்துக்குள்ளும் வர்க்கப் பிளவு இவ்வாறு பதிவாயிற்று.

2009 இன் பின்னர் ‘திரும்பிச் செல்வதா, தங்குவதா’ என்ற வினா இம்மக்கள்முன் ஒற்றைத் தெரிவாக வைக்கப்பட்டது. மன்னாரில் பதிந்தால் புத்தளத்தில் உரிமை குறையும்; புத்தளத்தில் பதிந்தால் வடக்கில் காணிக்கும் உதவிக்கும் உரித்து ஐயத்துக்குள்ளாகும். முசலியில் இருபது ஆண்டுகளாகப் பயிர் செய்யாத வயல் காடாகிவிட்டது. திரும்பியவரின் குடியேற்றம் வனப் பாதுகாப்பின் பெயரால் எதிர்க்கப்பட்டது. யாழ்ப்பாணச் சோனகதெருவில் கூரையற்ற சுவர்கள் நின்றன. பிள்ளைகளின் பாடசாலையோ புத்தளத்தில். ஆகவே பல குடும்பங்கள் இரண்டிடத்திலும் வாழ்ந்தன: தந்தை காணி துப்புரவாக்க வடக்கே, தாயும் பிள்ளைகளும் கற்பிட்டி வீதியில். பதிவேட்டு அதிகாரிகளுக்கு இது முறைகேடாகத் தோன்றியது. இரண்டு நாடுகளில் இரண்டு வீடு வைத்திருக்கும் டொலர் ஓய்வூதியரிடத்து அதே ஏற்பாடு முதலீடு எனப்பட்டது.

1990 இல் இருபத்தைந்து வயதில் கற்பிட்டிக் கரையில் இறங்கிய ஒருவர் 2025 இல் அறுபதை எட்டினார். வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்கு உழைத்தவருக்கு இளைப்பாறும் வயது என ஒன்று குறிக்கப்படவில்லை. எனினும் எங்கு குடியிருப்பது என்ற வினா அவரிடமும் உண்டு. அவர் எண்ணிப் பார்ப்பனவற்றுள் மன்னார்க் காற்றும் புத்தளத்துக் கூலியும் இருக்கும். பேரப்பிள்ளையின் பாடசாலை இருக்கும். வடக்கிலுள்ள காணியின் உறுதி எரிந்ததோ எஞ்சியதோ என்பது இருக்கும். இம்முப்பத்தைந்து ஆண்டுகளில் இறந்த தாயும் தந்தையும் புத்தளத்து மையவாடிகளில் அடக்கப்பட்டுள்ளனர். அவர்களின் பெற்றோர் எருக்கலம்பிட்டியிலோ யாழ்ப்பாணத்திலோ கிடக்கின்றனர். வெள்ளிக்கிழமை எந்த ஊரில் நின்று அவர்களுக்காக ஓதுவது என்பதும் அக்கணக்கில் அடங்கும்.